பகலில் குடியாத தண்ணீர்

அத்தியாயம் 14

ஐந்து மணிக்கு யோகநாதன் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான். கிணற்றடிக்குப் போனான். பதினாறு வாளி அள்ளினான். தொட்டிக்குப் பத்து, குடங்களுக்கு நாலு, தன் தலைக்கு இரண்டு. உமிக்கரியால் பல் விளக்கினான். வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டான். கொடியின் ஒரு நுனி பாலைமரத்தில் கட்டியிருந்தது. மரத்தடியில், குடியேற்றக் கொலனிக் கந்தோர் வீட்டுக்கொன்றாகக் கொடுத்த கக்கூசுக் கல் சாய்ந்து கிடந்தது. மூன்று வருடமாக அப்படித்தான் கிடக்கிறது. அதன் கீழே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அறைக்கு வந்து இரண்டு பேணிகளில் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தான். ஒன்றைக் குடித்தான்.

மற்றது மனைவி அருந்ததியினுடையது. அவள் இறந்து ஒரு வருடமாகிறது. மாலையில் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றுவான். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை.

ஆட்டைத் திவசம் போன கிழமைதான் முடிந்தது. பந்தி எழும்புமுன்பே மாமி இராசேஸ்வரி வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கதை சொல்லிவிட்டாள். "கண் மூடமுந்திப் பிள்ளை சொன்னவள், தங்கச்சியை அவருக்குக் குடுங்கோ எண்டு." அருந்ததி கண்மூடியபோது பக்கத்தில் இருந்தவன் யோகநாதன் மட்டுந்தான். அவன் மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கே மேசையில் இருந்து, யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினான். இன்று அதைத் தலைமையாசிரியரிடம் கொடுப்பதாக இருந்தான்.

சட்டையை மாட்டினான். விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்தான். அப்போதுதான் குசினிப் பக்கமிருந்து அந்த மணம் வந்தது.

நெருஞ்சி அவியும் மணம்.

போன வைகாசியில் அருந்ததி நோயில் கிடந்த பதினொரு நாளும் இந்த வளவு முழுவதும் அதே மணந்தான். அவன் குசினி வாசலில் போய் நின்றான்.

"ஆருக்கு மாமி?"

"எது?"

"அடுப்பிலை நெருஞ்சி அவியுது."

"சும்மாதான். வெய்யில் காலமெல்லே. எல்லாருக்கும் சூடு."

"எல்லாருக்குமெண்டால் எனக்கும் ஒரு பேணி தாங்கோ."

இராசேஸ்வரி அகப்பையைக் கீழே வைத்தாள். அவனைப் பார்க்காமல் சொன்னாள். "சிவனேசுக்குச் சலக்கடுப்பு. மூண்டு நாளாய்ச் சலம் போகேக்கை எரிவு. பொம்பிளையளின்ரை காரியம் தம்பி. நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுங்கோ."

"காய்ச்சல்?"

"ராத்திரி மேல் கொஞ்சம் சுட்டது."

"ரத்தம்?"

சட்டி பொங்கி அடுப்பில் வழிந்தது. மாமி சீலைத் தலைப்பால் பிடித்து அதை இறக்கினாள்.

"நேற்றுப் பின்னேரம் சிவப்பாய்ப் போனதாம். பீற்றூட் சாப்பிட்ட நிறமாக்கும் எண்டு நினைச்சன்."

"இந்த வீட்டிலை பீற்றூட் எப்ப சமைச்சனீங்கள்?"

"போன மாசம்."

யோகநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. "மாமி, அவவுக்கும் இதைத்தான் அவிச்சுக் குடுத்தனீங்கள்."

"அப்ப நான் என்ரை பிள்ளைக்கு நஞ்சு குடுத்தனானோ?"

"இல்லை. பேணியிலை வார்த்துக் குடுத்தது நான்."

அவன் வெளியே வந்தான். மாமா சிற்றம்பலம் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, வண்டிலைப் பூட்டுங்கோ. சிவனேசுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்."

சிற்றம்பலம் வைக்கோலோடு நின்றார். மூத்தவளைக் கொண்டுபோனதும் இதே வண்டில்தான். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"தெருவிலை ஆரும் கேட்டால் என்ன சொல்றது? குமர்ப்பிள்ளைக்குச் சலத்திலை வருத்தமெண்டு சொல்லேலுமோ? நாளைக்குக் கலியாணம் பேச ஒருத்தரும் படலை திறந்து வராயினம்."

"என்னவாவது சொல்லுங்கோ. கெதியாய்ப் பூட்டுங்கோ."

அருந்ததியின் தங்கச்சி சிவனேஸ்வரி வந்து ஏறினாள். இருபத்தொரு வயது. சாதாரணமாக வாய் ஓயாதவள். இன்று உதடு வெடித்து, முகம் வெளிறி, வண்டிலின் உட்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையால் விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

வாய்க்கால் கட்டில் வீரகத்தி மண்வெட்டியோடு நின்றான்.

"என்ன சிற்றம்பலமண்ணை, வெள்ளனவே வண்டில்?"

"ஆஸ்பத்திரிக்கு. எனக்குச் சலக்கடுப்பு."

"அப்ப ஏன் பிள்ளை படுத்துக் கிடக்குது?"

"தகப்பனுக்கு வருத்தமெண்டால் பிள்ளைக்குக் கவலை இராதோ?"

"வெங்காயத்தைக் குத்திச் சாறெடுத்துக் குடியண்ணை. எனக்குப் போன வரியம் ஒரே நாளிலை நிண்டது."

சந்திக்குப் போய்ச் சேர்வதற்குள் சிற்றம்பலத்துக்கு ஐந்து வைத்தியம் கிடைத்துவிட்டது. வெங்காயச் சாறு, பார்லித் தண்ணீர், நீர்முள்ளி, தொப்புளில் விளக்கெண்ணெய். தேநீர்க் கடைக்காரர், மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டு ஒரு மாதம் தனியே படுக்கும்படி சொன்னார். எல்லாவற்றுக்கும் சிற்றம்பலம் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். வண்டிலுக்குள்ளிருந்து சிவனேஸ்வரியின் குரல் மெல்லக் கேட்டது.

"ஐயா, கடைசி வைத்தியத்தை அம்மாவுக்கு நான் சொல்லவோ?"

யோகநாதன் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள். அருந்ததியும் இப்படித்தான், நோவுக்குள் இருந்துகொண்டு பகிடி விடுவாள். அவன் முன்னால் பார்த்துக்கொண்டான்.

பள்ளிக்கூடத்தடியில் வண்டிலை நிறுத்தி லீவுக் கடிதத்தைக் கொடுத்தான். மற்றக் கடிதம் பையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் துண்டு எழுதும் இடத்திலும் சிற்றம்பலம் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்தில், இவரைத் தெரிந்த முள்ளியவளை ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். பெயர் கேட்ட உடனே இவர் சொன்னார். "சிற்றம்பலம். அம்பத்தெட்டு. சலக்கடுப்பு, ரத்தமும் போகுது." துண்டும் அப்படியே எழுதப்பட்டது. யோகநாதன் சிவனேஸ்வரியை மரநிழலில் இருத்திவிட்டு வருவதற்குள் மாமாவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அவன் உள்ளே போனபோது சிற்றம்பலம் மேசையில் மல்லாந்து கிடந்தார். டொக்டர் அவருடைய அடிவயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இரவிலை எத்தினை தரம் எழும்புவீங்கள்?"

"நாலு தரம்" என்றார் சிற்றம்பலம். அது மாடு பார்க்க எழும்புவது.

"போகேக்கை முக்கவேணுமோ? நூல்மாதிரிப் போகுதோ?"

"அது… ஓம், அப்பிடியும் சொல்லலாம்."

"உங்கடை வயசிலை ரத்தமெண்டால் சலப்பைக்குக் கீழையுள்ள சுரப்பியைத்தான் முதல் பாக்கவேணும். யாழ்ப்பாணம் அனுப்பி, தேவையெண்டால் வெட்டிப் பாக்கலாம்."

சிற்றம்பலம் சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். "ஐயோ, எனக்கில்லை ஐயா! என்ரை மகளுக்கு!"

டொக்டர் பேனாவை மூடினார். இளம் வயது. கோபித்துக்கொள்வார் என்று யோகநாதன் நினைத்தான். அவர் கோபிக்கவில்லை. களைத்துப்போனவர்போல இருந்தார்.

"இப்பிடி ஒரு கிழமைக்கு ரெண்டு பேராவது வருகினம். மகளுக்கெண்டு தாயைக் கொண்டுவாறது, பெண்சாதிக்கெண்டு வேறை ஆளைக் கொண்டுவாறது. மருந்து ஆரின்ரை வயித்துக்குள்ளை போகவேணுமெண்டு நினைக்கிறியள்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

நேர்ஸ் இராசமலர் சிவனேஸ்வரியைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனாள். டொக்டரும் போனார். கேள்விகள் திரைக்கு இப்பால் கேட்டன. எரிவு தொடக்கத்திலோ, முடிவிலோ? நடுக்கம் வந்ததோ? மாதவிலக்கு நாளோ? வீட்டில் யாருக்கும் கல்லோ, கசமென்னும் காசநோயோ இருந்ததோ? விழுந்து அடிபட்டதோ? சிவனேஸ்வரியின் பதில்கள் கேட்கவில்லை. முதுகின் வலப்பக்கம் தட்டிப் பார்த்தபோது மட்டும் "அம்மா!" என்றாள்.

ஒவ்வொரு கேள்வியும் யோகநாதனுக்குப் புதிதாக இருந்தது. பதினொரு நாளில் ஒன்றையாவது அவன் அருந்ததியிடம் கேட்டிருக்கவில்லை. 'இப்ப எப்பிடி?' என்று கேட்டான். 'பறுவாயில்லை' என்றாள். அவ்வளவுதான்.

டொக்டர் வெளியே வந்தார். "சலத்தைச் சோதிக்கவேணும். நிறத்தைப் பாத்து முடிவு சொல்லேலாது. கிருமி இருக்கலாம், கல் இருக்கலாம், கசம் சிறுநீரகத்துக்கும் இறங்கும். சில பேருக்கு நோவே இராது, ரத்தம் மட்டும் போகும். நோவில்லைத்தானே எண்டு வீட்டிலை இருப்பினம். அது இன்னும் பயம்."

"நெருஞ்சி அவிச்சுக் குடுத்தம்" என்றான் யோகநாதன்.

"அவிச்சுக் குடுத்தது பிழையில்லை. அதோடை இருந்ததுதான் பிழை."

இராசமலர் ஒரு கண்ணாடிப் போத்தலைச் சிவனேஸ்வரியின் கையில் கொடுத்தாள். அவள் போத்தலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் போனது. அசையவில்லை.

"என்ன பிள்ளை?" என்றாள் இராசமலர்.

"வரேல்லை மிஸி."

"காலமை தொடக்கம் என்ன குடிச்சனீர்?"

"ஒண்டுமில்லை."

"நேற்று?"

"விடிய ஒரு பேணி. பொழுதுபட்டாப் பிறகு ஒரு பேணி."

"இந்த வெய்யிலுக்கோ? ஏன்?"

சிவனேஸ்வரி போத்தலை இன்னும் உள்ளே இழுத்து மறைத்தாள். இராசமலரே யோகநாதன் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் கொலனியோ? கக்கூசு கட்டியிருக்கோ?"

"கல்லுக் கிடக்குது."

"கல்லிலை தண்ணி தெளிச்சுக் கும்பிடுறியளோ?" அவள் குரல் உயரவில்லை. "யாழ்ப்பாணத்திலை எண்டால் கிடுகுவேலி இருக்கும், பின்வளவிலை மறைவிருக்கும். இஞ்சை காட்டை வெட்டிவிட்டு ரெண்டு முள்ளுக்கம்பி. பின்னாலை வாய்க்கால்கட்டு. நாள் முழுக்கச் சைக்கிளும் வண்டிலும். நீங்கள் ஆம்பிளையள் பத்தைக்குள்ளை போவியள். இதுகள் விடியமுந்தி ஒருக்கால், இருண்டாப்போலை ஒருக்கால். அதுக்காகப் பகல் முழுக்கத் தண்ணி குடிக்கிறேல்லை. வயலிலை நிண்டு நாத்து நட்டாலும் குடிக்கிறேல்லை. எல்லா வருத்தமும் இதாலை வாறதில்லை. ஆனால் என்னட்டை வாற குமருகளிலை பாதிக்கு இதுதான் கதை. உங்களுக்குத் தெரியாதோ?"

அவனுக்குத் தெரியாது.

அவன் கணிதம் படிப்பிக்கிறவன். நாலு வருடம் ஒரு பெண்ணோடு ஒரே அறையில் வாழ்ந்தவன். மாலையில் வரும்போது மேசையில் அவளுடைய பேணி நிறைந்தே இருக்கும். அவள் குடித்துவிட்டு மறுபடியும் நிரப்பி வைத்ததாகத்தான் நினைத்திருந்தான்.

ஆனையிறவு நினைவுக்கு வந்தது. கலியாணம் முடிந்த புதிதில், யாழ்ப்பாணத்தால் வந்த பஸ் அங்கே பழுதாகி நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர், உப்புக் குவியல்கள், கண் கூசும் வெயில். அவன் இரண்டு கிளாஸ் சர்பத் வாங்கி வந்தான். அருந்ததி ஒன்றை வாங்கி, கன்னத்தில் வைத்துக் குளிர் பார்த்தாள். பிறகு அவனிடமே நீட்டினாள். "நீங்கள் குடியுங்கோ. எனக்கு நீங்கள் குடிக்கிறதைப் பாக்க ஆசை." அவன் இரண்டையும் குடித்தான். அந்தப் பகலை அவன் ஒரு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தான். எத்தனையோ தரம் எடுத்துப் பார்த்தான். அந்த வெளியில் ஒரு மறைவும் இல்லாதது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

சிவனேஸ்வரி தலையை நிமிர்த்தாமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்த இடத்தை அவனும் பார்த்தான். கக்கூசுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. பாதையோரம் மருதமர நிழலில் ஆண்கள் வரிசையாகக் குந்தியிருந்து சுருட்டுப் புகைத்தார்கள்.

அவனுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி விழுந்தது. ஒரு வருடமாக அவன் காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்திருந்த அருந்ததியின் ஒரு பேச்சு.

அவன் எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீரும் பேணியும் கொண்டுவந்தான்.

"குடியும்."

"வேண்டாம் அத்தான்."

"நேர்ஸ் உம்மோடை வருவா. அந்த ஆக்களை நான் எழுப்புறன். குடியும்."

சிவனேஸ்வரி பேணியை வாங்கினாள். வாயில் வைக்கவில்லை. "நான் ஒண்டு கேக்கட்டோ? அக்கா கடைசியாய் என்னைப்பற்றிச் சொன்னவா எண்டு அம்மா ஊரெல்லாம் சொல்லுறா. மெய்யோ?"

"முதல் குடியும்."

"சொல்லுவீங்களோ?"

"வீட்டை போய்ச் சொல்லுறன்."

அவள் குடித்தாள். ஒரு பேணி, இரண்டு, மூன்று. கழுத்து நரம்பு அசைவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மருதமரத்தடிக்குப் போனான்.

"பெரியவையள், கொஞ்சம் அங்காலை மாறி இருங்கோ. பொம்பிளையள் போகவேணும்."

ஒருவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "நாங்கள் என்ன, பாக்கவே இருக்கிறம்?"

"நீங்கள் பாக்கிறேல்லை. எழும்புங்கோ."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் எழுந்தார்கள்.

டொக்டர் சலத்தைக் குழாயில் விட்டு விளக்கில் காய்ச்சிப் பார்த்தார். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். மத்தியானமாகிவிட்டது.

"கிருமிதான். சீழும் ரத்தமும் இருக்கு. சலப்பையிலை தொடங்கி மேலை ஏறப் பாக்குது. ஏறி முடியேல்லை. ஊசி போட்டிருக்கு. இந்தக் குளிசையை நேரம் தவறாமல் குடுங்கோ. தண்ணி, இளநி, பகல் முழுக்கக் குடிக்கவேணும். கல்லும் இருக்கோ எண்டு செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்திலை படம் எடுத்துப் பாக்கவேணும். இதுக்கிடையிலை குளிர்நடுக்கம் வந்தால் ஒரு நிமிசமும் நிக்காமல் கொண்டுவாங்கோ."

திரும்பும் வழியில் வீரகத்தி மறுபடியும் கேட்டான். "என்னவாம் அண்ணை?"

சிற்றம்பலம் மகளைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். "எனக்கொண்டுமில்லை. பிள்ளைக்குத்தான் சுகமில்லை. மருந்து தந்திருக்கினம்."

"அதைக் காலமையே சொல்லியிருக்கலாமே" என்றான் வீரகத்தி. தொடர்ந்து வரம்பைக் கொத்தினான்.

வீட்டுக்கு வந்ததும் யோகநாதன் சட்டையைக் கழற்றினான். பாலைமரத்தடியில் கோழியைத் தூக்கி, முட்டைகளோடு கூடைக்குள் வைத்தான். பின்வளவு மூலையில் மூன்று வருடத்துக்கு முன் தொடங்கிய குழி, மழை மண்ணால் முழங்காலளவுக்குத் தூர்ந்து கிடந்தது. மண்வெட்டியோடு இறங்கினான். 'அந்தக் கல்லை எப்ப வைப்பீங்கள்?' என்று அருந்ததி ஒருமுறை கேட்டிருந்தாள். அறுவடை முடியட்டும் என்றான். அவள் இரண்டாந்தரம் கேட்கவில்லை.

சிற்றம்பலம் நாலு கம்பு நட்டு, மறைப்புக்குத் தென்னங்கிடுகு கட்டத் தொடங்கினார்.

வெயில் சாயும்போது குழி மார்பளவு ஆகியிருந்தது. இராசேஸ்வரி விளிம்பில் வந்து நின்றாள். கையில் அவனுடைய சட்டை இருந்தது. தோய்க்க எடுத்திருக்கிறாள். பையிலிருந்த கடிதத்தையும் எடுத்திருக்கிறாள்.

"மாற்றத்துக்கோ தம்பி?"

"ஓம்."

"எனக்குத் தெரியும், நீங்கள் போயிடுவீங்கள் எண்டு. அதுக்காகத்தான் அப்பிடிச் சொன்னனான்." அவள் கடிதத்தை நீட்டினாள். அவன் கையெல்லாம் மண். வாங்கவில்லை. "பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை. நான் கோயிலடிக்குப் போன நேரமெல்லே அவள் கண்மூடினவள். நீங்களும் ஒண்டும் சொல்லேல்லை. நானாய் ஒண்டை வைச்சுக்கொண்டன்."

சிவனேஸ்வரி செம்போடு வந்து குந்தினாள். செம்பு பாதி குறைந்திருந்தது. வைகாசி வெக்கையில் அவள் தாயின் சீலையொன்றைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திருந்தாள்.

"குளிருதோ?" என்றான் யோகநாதன்.

"இல்லை. கொஞ்சம். நீங்கள் சொல்லுறன் எண்டனீங்கள்."

"ஒருக்கால் சொல்லுங்கோ தம்பி" என்றாள் இராசேஸ்வரி. "என்னவெண்டாலும் பறுவாயில்லை. அவளின்ரை வாயாலை வந்தது எனக்கு வேணும்."

சிற்றம்பலத்தின் கை கிடுகில் நின்றுவிட்டது.

யோகநாதன் மண்வெட்டியைக் குழிக்குள் நாட்டிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரையும் பார்க்கவில்லை.

"பின்னேரம் நாலு மணியிருக்கும். நோயாளரைப் பாக்க விடுற நேரம். வாட்டெல்லாம் சனம். கண்ணைத் திறந்தவா. சொண்டு காய்ஞ்சு வெடிச்சிருந்தது. தலையைத் தூக்கிப் பேணியை வாயிலை வைச்சன். கையாலை மெல்லத் தள்ளினவா. எனக்கு விளங்கேல்லை, காய்ச்சலிலை ஏதோ சொல்லுறா எண்டு நினைச்சன். இவ்வளவுதான் மாமி சொன்னவா:

"'வேண்டாமப்பா. குடிச்சால் எழும்பிப் போகவேணும். வெளியிலை ஆம்பிளையள் நிக்கினம்.'"